பொம்மையின் இருநிலை: 'டாய் ஸ்டோரி' படங்களும் அழுகை மெய்ப்பாடும்

முன்னுரை

குழந்தைகளுக்கென ஆக்கப்பட்ட ஒரு கலைப்படைப்பு, குழந்தையின் அருகில் அமர்ந்து காணும் பெற்றோரையும் கண்கலங்கச் செய்யுமாயின், அக்கலக்கத்தின் காரணம் ஆராய்தற்குரியது. குழந்தை அறிந்த இழப்புகள் சில. முதியோர் அறிந்தன பல. அங்ஙனமிருக்க, ஒரே காட்சி இருவர் உள்ளத்தையும் ஒரே பொழுதில் தொடுவது எங்ஙனம்? இருவரும் ஒன்றையே உணர்கின்றனரா? அன்றி, ஒன்றைக் கண்டு வெவ்வேறு உணர்கின்றனரா? இவ்வினாக்களை, அமெரிக்க நாட்டுப் பிக்சார் நிறுவனத்தார் ஆக்கி 1995 முதல் 2019 வரை வெளிவந்த 'டாய் ஸ்டோரி' என்னும் நான்கு அசைவூட்டத் திரைப்படங்களைக் களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை இதழில் அயல்நாட்டுத் திரைப்படத்தை ஆராய்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் வகுத்த உணர்ச்சிப் பாகுபாடு தமிழ்ச் செய்யுட்கு இலக்கணமாக அமைந்ததாயினும், அதன் அடிப்படை மக்கள் உள்ளமே. பொன்னின் மாற்றை உரைகல்லால் அறிகின்றோம். உரைகல்லின் தரத்தையோ புதிய பொன்னை உரைத்தே அறிய இயலும். பழைய கோட்பாடொன்று புதிய கலைக்கும் விளக்கம் தருமாயின், அக்கோட்பாட்டின் வன்மையும் அதனால் விளங்கும்.

படங்களின் வரலாறு

முதற்படம் 1995 நவம்பரில் வெளிவந்தது. ஜான் லாசெட்டர் இயக்கிய அப்படமே முழுதும் கணிப்பொறியால் அசைவூட்டப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம். அவரே இதற்குமுன் 1988-இல் 'டின் டாய்' என்னும் குறும்படத்தில் பொம்மையைத் தலைமைப் பாத்திரமாக்கி ஆஸ்கார் பரிசு பெற்றவர். அக்காலக் கணிப்பொறி, மனிதத் தோலையும் தலைமயிரையும் இயல்பாகக் காட்டும் ஆற்றல் பெற்றிலது; வழுவழுப்பான பிளாஸ்டிக் பரப்பை நன்கு காட்டியது. ஆதலின் பொம்மைகள் அக்கருவிக்கு மிகப் பொருந்திய பாத்திரங்களாயின. கருவியின் குறை கருப்பொருளின் நிறையாக மாறியது இங்ஙனம்.

இரண்டாம் படம் 1999-இலும், லீ அன்க்ரிச் இயக்கிய மூன்றாம் படம் 2010-இலும், ஜாஷ் கூலி இயக்கிய நான்காம் படம் 2019-இலும் வெளிவந்தன. ஆன்டி என்னும் சிறுவனின் பொம்மைகள், மனிதர் இல்லாதபோது உயிர்பெற்றுப் பேசுவனவும் நடப்பனவும் ஆகின்றன. அவற்றுள் தலைமை பெற்றவன் வுட்டி. அமெரிக்க மேற்குப் புலத்து மாட்டிடையர் தலைவன் போல உடுத்த துணிப்பொம்மை. அவனுக்குப் போட்டியாக வந்து பின்பு உயிர்த்தோழன் ஆகின்றவன் பஸ் லைட்இயர் என்னும் விண்வெளி வீரப் பொம்மை. முதலிரு படங்களில் சிறுவன் ஆன்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸ் என்பவரே, மூன்றாம் படத்தில் கல்லூரிக்குப் புறப்படும் ஆன்டிக்கும் குரல் கொடுத்துள்ளார். முதற்படத்தைக் குழந்தையாகக் கண்டோர் மூன்றாம் படம் வந்தபோது ஆன்டியைப் போலவே வளர்ந்திருந்தனர். படத்தின் காலமும் காண்போர் காலமும் இங்ஙனம் இணைந்து நடந்தமை அருகிக் காணப்படும் ஒன்றாகும்.

கூறப்படும் காரணங்கள்

இப்படங்கள் இருசாராரையும் கவர்தற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, குழந்தைக்கு ஓட்டமும் விழுதலும் ஆகிய நகையும், முதியோர்க்குச் சொல்நயம் வாய்ந்த நகையும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன என்பது. மற்றொன்று, முதியோர் தாம் இளமையில் ஆடிய பொம்மைகளைத் திரையில் கண்டு பழமை நினைந்து உருகுகின்றனர் என்பது.

இவ்விரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும் நிரம்பிய விடை ஆகா. முதலாவது சிரிப்பிற்குக் காரணம் காட்டுமேயன்றிக் கண்ணீர்க்குக் காரணம் காட்டாது. மேலும், பந்தி ஒன்றாயினும் இலை வேறாக இடப்பட்டது என்பதே அதன் பொருளாகும். ஒரே காட்சியில் இருவரும் கலங்குவதை அது விளக்கவில்லை. இரண்டாவதும் அத்தகையதே. உருளைக்கிழங்குத் தலைப் பொம்மையையும் சுருள்கம்பி நாய்ப் பொம்மையையும் இளமையில் ஆடி மகிழ்ந்தோர் அமெரிக்கர். அவற்றைக் கண்ணாலும் கண்டிராத நம் நாட்டவரும் இப்படங்களைக் கண்டு கலங்குகின்றனர். ஆதலின் பழைய பொம்மையின் நினைவு மட்டுமே காரணம் ஆகாது. பொம்மையை எவ்வாறு அமைத்தனர் என்பதில் காரணம் உளது.

அழுகையின் நான்கு களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் அழுகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியனார் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறினார். பேராசிரியர் உரைவழி நோக்கின், இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். இழவாவது அன்பிற்குரியாரையும் இன்பத்திற்குரியவற்றையும் இழத்தல். அசைவாவது முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையுற்று வருந்துதல். வறுமையாவது நுகரப்பெறாத பற்றுள்ளம். வறுமையைப் பொருளின்மை எனக் கொள்ளாது, நிறைவேறாத பற்று எனக் கொண்ட உரை நுட்பம் ஈண்டு நமக்குப் பெரிதும் பயன்படும். இந்நான்கும் இப்படங்களில் வரன்முறையாக அமைந்துள்ளன.

முதற்படத்தில் வுட்டி எய்துவது இளிவு. பிறந்தநாட் பரிசாகப் பஸ் வந்தபின், ஆன்டியின் கட்டிலில் வுட்டிக்கு இருந்த இடம் பறிபோகின்றது. சுவர்ப்படமும் படுக்கை விரிப்பும் விண்வெளி வீரனுக்கு மாறுகின்றன. தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில் மூத்த குழந்தை படும் துன்பம் இதுவே. அலுவலகத்தில் இளையவர் ஒருவர் வந்தபின் மதிப்பிழந்த முதியவர் படும் துன்பமும் இதுவே.

அதே படத்தில் பஸ் எய்துவது அசைவு. தன்னை மெய்யான விண்வெளி வீரன் என நம்பியிருந்தவன், தொலைக்காட்சி விளம்பரத்தில் தன்னைப் போன்ற பொம்மைகள் விற்பனைக்கு இருத்தலைக் காண்கின்றான். தைவானில் செய்யப்பட்டதாகத் தன் கையிலேயே பொறித்திருத்தலையும் காண்கின்றான். அஃதுண்மையன்று எனக் காட்ட மாடிப்படிக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து பறக்க முயன்று, கீழே விழுந்து கை முறிகின்றான். தான் உலகின் நடுவன்று என்பதை முதன்முதல் அறியும் குழந்தைக்கு இது புரியும். இளமைக் கனவுகள் நிறைவேறா என்று ஒருநாள் தெளிந்த முதியோர்க்கும் இது புரியும்.

இரண்டாம் படத்தில் ஜெஸ்ஸி என்னும் பெண்பொம்மை கூறும் பழைய வரலாறு இழவு. எமிலி என்னும் சிறுமி அவளைப் பிரியாது ஆடினாள், வளர்ந்தாள், பொம்மை கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. ஆண்டுகள் கழித்துக் கைக்குக் கிடைத்தபோது, அன்பு மீண்டதென ஜெஸ்ஸி மகிழ்ந்தாள். ஆயின் எமிலி அவளைக் கொண்டுசென்றது கொடைப்பெட்டியில் இட்டுச் செல்லுதற்கே. இக்காட்சி முழுதும் உரையாடலின்றி ஒரு பாடலின்வழி நடைபெறுகின்றது. ஈண்டுக் கொடியவர் எவரும் இலர் என்பது கருதத்தக்கது. எமிலி தீயவள் அல்லள், வளர்ந்தாள், அவ்வளவே. பகைவனால் வந்த இழவாயின் வெகுளி தோன்றி அழுகையைத் தணிக்கும். காலத்தால் வந்த இழவிற்கு வெகுளியும் துணையாவதில்லை.

மூன்றாம் படத்தின் தொடக்கம் வறுமை. ஆன்டிக்கு வயது பதினேழு. பொம்மைகள் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஒருமுறையேனும் அவன் கை தம்மேற் படவேண்டும் என்னும் வேட்கையால், அவன் தொலைபேசியைத் தம் பெட்டிக்குள் மறைத்து ஒலிக்கச் செய்கின்றன. அதனைத் தேடி வந்த ஆன்டி, தொலைபேசியைப் பற்றியிருந்த டைனோசார்ப் பொம்மையை ஒரு நொடி கையிலெடுத்து மீண்டும் பெட்டியில் விடுகின்றான். தன்னை அவன் தூக்கினான் என்று அப்பொம்மை மகிழ்கின்றது. குழந்தை ஈண்டுச் சிரிக்கும். தொலைவில் வாழும் மகனது ஒரு நிமிடத் தொலைபேசி அழைப்பிற்காக நாள் முழுதும் காத்திருக்கும் தாய் சிரிப்பளோ? நுகரப்பெறாத பற்றுள்ளம் என்னும் இலக்கணத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பொம்மையின் இருநிலை

மேற்கூறிய நான்கு களன்களிலும் ஓர் ஒற்றுமை காணலாம். ஒவ்வொன்றிலும் பொம்மை நிற்கும் இடம் ஒன்றன்று, இரண்டு. பொம்மை சிறியது, தானே எங்கும் செல்ல இயலாதது, தன்னை உடையவர் வரவை நோக்கி இருப்பது, கைவிடப்படின் கதியற்றது. இவ்வகையில் அது குழந்தை. அதே பொம்மை, குழந்தைக்காகவே வாழ்வது. அதன் மகிழ்ச்சியன்றிப் பிறிது வேண்டாதது. அக்குழந்தை வளர்ந்து தன்னைப் பிரிந்து செல்லும் என்பதை அறிந்தே அன்பு செலுத்துவது. இவ்வகையில் அது பெற்றோர். குழந்தையின் நிலையும் பெற்றோர் நிலையும் ஒரே உருவில் அமைதலையே இக்கட்டுரை பொம்மையின் இருநிலை என்கின்றது.

அழுகையாவது அவலம் என்றும், அது தானே அவலித்தலும் பிறர் அவலங்கண்டு அவலித்தலும் என இருவகைப்படும் என்றும், பின்னையது கருணை எனப்படும் என்றும் கொள்ளும் மரபு பேராசிரியர் உரையில் உண்டு. அதனை ஈண்டுப் பொருத்திக் காணலாம். குழந்தை பொம்மையின் உள்ளே நின்று காண்கின்றது. 'என்னை விட்டுவிடுவார்களோ' என்னும் அச்சம் அதன் சொந்த அச்சமே. ஆதலின் அதன் அழுகை தானே அவலித்தல். முதியோர் முதலில் புறத்தே நின்று பொம்மைக்கு இரங்குகின்றனர், அது கருணை. ஆயின் அவர் அங்ஙனமே நின்றுவிடுவதில்லை. எமிலியைப் போலத் தாம் மறந்தோரை நினைக்கின்றனர். வுட்டியைப் போலத் தம்மை மறக்கவிருப்போரை நினைக்கின்றனர். மறந்தவரும் மறக்கப்படுபவரும் தாமே என உணரும்போது கருணை தம் அவலமாகத் திரும்புகின்றது. ஆகவே, இருவரும் ஒன்றையே கண்டு வெவ்வேறு வழியால் அவலத்தை அடைகின்றனர் எனலாம். குழந்தைக்கு வழி குறுகியது, முதியோர்க்கு நெடியது.

இவ்விளக்கம் வலிந்து கொண்டதன்று என்பதற்கு மூன்றாம் படத்தின் இறுதிப்பகுதி சான்றாகும். ஆன்டி கல்லூரிக்குப் புறப்படும் நாளில், வெறுமையான அவன் அறைக்குள் தாய் வருகின்றாள். வந்தவள் சொல்லிழந்து நிற்கின்றாள். அவனோடு என்றும் உடனிருக்க இயலாதா என ஏங்குகின்றாள். ஆன்டியோடு கல்லூரிக்குச் செல்லவிருந்த பெட்டியினுள் கிடந்த வுட்டி இதனைக் கேட்கின்றான். உடன்செல்லும் வாய்ப்பு அவனுக்கு உண்டு, தாய்க்கு இல்லை. ஆயினும் அத்தாயைக் கண்டபின் அவன் தன் முடிவை மாற்றிக்கொள்கின்றான். சிறு தாள் ஒன்றில் பானி என்னும் சிறுமியின் முகவரியை எழுதி, ஏனைப் பொம்மைகள் உள்ள பெட்டியின்மேல் ஒட்டி, தானும் அதனுள் புகுகின்றான். அத்தாளைக் கண்ட ஆன்டி, அதனை எழுதியவள் தன் தாய் எனவே கொண்டு, பொம்மைகளைக் கொடுத்துவிடத்தான் வேண்டுமா என அவளைக் கேட்கின்றான். பொம்மையின் சொல் தாயின் சொல்லாகவே அவனைச் சென்று சேர்கின்றது. பொம்மையும் தாயும் ஒருவரே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் இயலாது. இக்காட்சியில் எவரும் அதனை விளக்கிக் கூறவில்லை என்பதும் போற்றத்தக்கது.

பேசாமை என்னும் விதி

மூன்றாம் படத்தை என் மகளுடன் கண்டபோது, எட்டு வயதினளான அவள், வுட்டி ஏன் ஆன்டியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என வினவினாள். பொம்மைகள் மனிதர்முன் பேசக்கூடாது என்பது கதையின் விதி என்று அப்போது விடை கூறினேன். விடை சரியே, ஆயின் அவ்விதி ஏன் வேண்டப்பட்டது என்பதை யான் அன்று எண்ணவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவ்வினாவிற்குக் காலங்கடந்து கூறும் விடையே.

மனிதர் முன்னிலையில் பொம்மை அசைவற்றுக் கிடத்தல் வேண்டும் என்னும் விதி, தொடக்கத்தில் நகைக்கே பயன்படுகின்றது. காலடியோசை கேட்டவுடன் எல்லாம் தரையில் விழுந்து கிடத்தலைக் கண்டு குழந்தைகள் சிரிப்பர். கதை வளர வளர அவ்விதியே துயரின் ஊற்றாகின்றது. பொம்மை ஆன்டியை எத்துணை நேசிப்பினும் அதனை அவனிடம் சொல்ல இயலாது. அவனும் ஒருகாலும் அறியான். முதற்படத்தில், பொம்மைகளைச் சிதைக்கும் சிட் என்னும் சிறுவனை அடக்குதற்காக இவ்விதி ஒருமுறை மீறப்படுகின்றது. அச்சுறுத்துதற்கு மீறப்பட்ட விதி, அன்பை வெளியிடுதற்கு மீறப்படவில்லை. வுட்டி தாளில் எழுதியதும் தன் பெயரால் அன்று. பெற்றோர் அன்பின் இயல்பும் இத்தகையது. வாயாற் கண்டிப்பர், அன்பையோ செயலாலன்றிச் சொல்லால் உரையார்.

இறுதிக் காட்சியில் இவ்விதி தன் முழுப்பயனைத் தருகின்றது. ஆன்டி ஒவ்வொரு பொம்மையாகப் பானியிடம் அறிமுகம் செய்து கொடுக்கின்றான். வுட்டியை அவள் எடுக்கக் கைநீட்டியபோது தன்னையறியாது பின்வாங்குகின்றான். பின்பு, எக்காலத்தும் கைவிடாதவன் எனப் புகழ்ந்து அவள் கையிற் கொடுக்கின்றான். தான் உரைக்க இயலாத அன்பை, அன்பு செய்யப்பட்டவன் வாயால் பொம்மை அசையாது கிடந்து கேட்கின்றது. ஆன்டி சிறிது நேரம் அச்சிறுமியோடு அமர்ந்து கடைசி முறையாக ஆடுகின்றான். அவன் வண்டி தொலைவிற் சென்ற பின்னரே வுட்டி விடைகூறுகின்றான். அச்சொல் ஆன்டியின் செவிக்கு எட்டவில்லை, நமக்கு எட்டுகின்றது. கதைமாந்தன் அறியாததை நாம் அறிதலால், அத்துயரைத் தாங்கும் பொறுப்பு நம்முடையதாகின்றது. என் மகளின் வினாவிற்கு விடை இதுவே: வுட்டி பேசியிருந்தால் நாம் அழுதிருக்க மாட்டோம்.

நான்காம் படம்

இருநிலை என்னும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் நான்காம் படத்தின் சிறப்பும் குறையும் விளங்கும். பானி மழலைப்பள்ளிக்கு முதன்முதல் செல்லும் நாளில், வுட்டி அவள் பையினுள் மறைந்து சென்று, குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த வண்ணக்கோல் முதலியவற்றை அவள் மேசைமேற் சேர்க்கின்றான். அவற்றைக் கொண்டு அவள் ஃபோர்க்கி என்னும் புதுப்பொம்மையைச் செய்துகொள்கின்றாள். இது பெற்றோர் செயல்; குழந்தையோ பள்ளியின் முதல்நாள் அச்சத்தைத் தன் அச்சமாகக் காண்கின்றது. இருநிலையும் இதனுள் நன்கு அமைந்துள்ளன. குரற்கருவி பழுதுபட்டமையால் ஒருவராலும் விரும்பப்படாத கேபி கேபி என்னும் பொம்மை, களியாட்டு விழாவில் வழிதப்பி அழும் சிறுமியிடம் சேரும் காட்சியும் அத்தகையதே. காணாமற்போன குழந்தையும் கைவிடப்பட்ட பொம்மையும் ஒன்றையொன்று கண்டெடுக்கின்றன.

ஆயின் படத்தின் முடிவில் வுட்டி குழந்தையை விட்டு நீங்கி, போ பீப் என்னும் பழைய தோழியுடன் தனக்கென ஒரு வாழ்வை மேற்கொள்கின்றான். கடமை முடித்த முதியவர் தம் வாழ்வைத் தாமே தேர்தல் என்னும் பொருளில் இது முதியோர்க்கு ஆழ்ந்த பொருள் தரும். குழந்தைக்கோ ஈண்டு நிற்க இடமில்லை. பானியிடம் ஒதுக்கப்பட்டிருந்த வுட்டி நீங்குவதால் அவள் இழப்பது சிறிதே. ஆதலின் குழந்தை தன்னை எவரிடத்துக் காணும்? இம்முடிவு தவறன்று, ஆயின் முதன்மூன்று படங்களும் காத்த இருநிலையை இது ஒருநிலையாக்கிவிட்டது. மூன்றாம் படத்தின் முடிவிற்கு இது ஈடாகாமைக்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

ஒரு மறுப்பும் விடையும்

இப்படங்கள் பொம்மை விற்பனைக்கும் துணையாயின. வணிகநோக்கமுடைய படைப்பில் இத்துணை ஆழம் காணுதல் தகுமோ என வினவலாம். வணிகம் உண்மையே. ஆயினும் ஒரு கருத்து ஈண்டு எண்ணத்தக்கது. இரண்டாம் படத்தில், வுட்டிக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அழியாது நிற்கும் வாய்ப்புக் கிடைக்கின்றது. ஒருநாளும் பெட்டியினின்று வெளிவராத பொம்மை ஒன்று அதனையே சிறந்த வாழ்வெனப் புகழ்கின்றது. ஆன்டி வளர்ந்து தன்னை விடுவான் என்பதை அறிந்தும் வுட்டி அவனிடமே திரும்புகின்றான். விலைமதிப்புக் கெடாது காக்கப்படும் பொருளினும், கைப்பட்டுத் தேய்ந்து கிழிந்த பொருளே வாழ்ந்தது என்பது இதனால் பெறப்படும். பொம்மைகளை விற்ற படமே பொம்மைக்கு விலையில்லை என்றும் கூறுகின்றது. படைப்பின் நோக்கம் வேறு, படைப்பு தரும் பொருள் வேறு என்பதைத் திறனாய்வு மறத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'டாய் ஸ்டோரி' படங்கள் குழந்தையையும் முதியோரையும் ஒருங்கே உருக்குதற்குக் காரணம், பொம்மை என்னும் ஒரே பாத்திரத்தில் குழந்தையின் நிலையும் பெற்றோர் நிலையும் அமைந்திருத்தலும், பேசாமை என்னும் விதியால் அன்பு சொல்லப்படாது நிற்றலுமே என்பது போதரும். அழுகையின் நான்கு களன்களும், தன் அவலம் பிறர் அவலம் என்னும் பாகுபாடும் இப்படைப்பிற்கு இயல்பாகப் பொருந்துதலையும் கண்டோம்.

இதனால் நாம் பெறும் பயன் ஒன்று உண்டு. குழந்தை இலக்கியத்தை ஆராயும்போது, சொல் எளிதா, நீதி உண்டா என்னும் இரண்டு வினாக்களோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். அதனால் அத்துறையைச் சிறிய துறையாகவும் கருதிவிடுகின்றோம். மூன்றாவது வினா ஒன்றையும் எழுப்புதல் வேண்டும்: இப்படைப்பில் குழந்தை நிற்கும் இடத்திலேயே, அக்குழந்தையை வளர்ப்பவர் நிற்கவும் இடம் உண்டா? குழந்தைக்கென எழுதுவோர் முதியோர்க்கெனத் தனியே ஒன்றும் சேர்க்க வேண்டுவதில்லை. குழந்தையின் துயரைப் பொய்யின்றி எழுதினாற் போதும். அத்துயரை முதியோர் முன்பே அறிவர். அவரும் ஒருகாலத்துக் கதவருகில் நின்று, போனவர் திரும்பி வருவாரோ எனக் காத்திருந்தவரே.